பந்தயம் வேண்டாம் என்று முதலில் சொல்வது யார்?

கேள்வி இது: மக்கள் தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருக்கும் நாட்டில் ஃபார்முலா ஒன் போன்ற சர்வதேசக் கார் பந்தயத்தை நடத்தலாமா? விளையாட்டில் ஏன் அரசியலைக் கலக்க வேண்டும்? நடத்துவதா நிறுத்துவதா என்று கடைசியில் முடிவெடுப்பது யார்?

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டும் பாதி தெளிந்துவிடும்.

எந்த நாட்டில் எந்தத் தேதியில் பந்தயம் என்ற அட்டவணைக்கு ஒப்புதல் தருவது எஃப்ஐஏ என்ற சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு. ஆனால் பந்தயத்தை விற்றுக் காசாக்கும் உரிமை அதனிடம் இல்லை. அந்த வணிக உரிமையை நூறு ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட 2001-லேயே ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். நீண்ட காலம் பெர்னி எக்ளெஸ்டோன் கையில் இருந்த அந்த நிர்வாகம், 2017 முதல் லிபர்டி மீடியா நிறுவனத்திடம் இருக்கிறது. பந்தயம் நடக்கும் நாட்டின் ஏற்பாட்டாளர் ஒவ்வோர் ஆண்டும் இந்த நிறுவனத்துக்குப் பெருந்தொகை கட்டுகிறார். வளைகுடா நாடுகளில் அந்தப் பணம் ஏறக்குறைய அரசுப் பணம்தான். அணிகளுக்கு மொத்த வருமானத்தில் பங்கு உண்டு. ஓட்டுநர்கள் அணிகளோடு ஒப்பந்தம் செய்தவர்கள்.

இந்தச் சங்கிலியில் யார் முதலில் 'நான் வரவில்லை' என்கிறாரோ அவர் தலையில்தான் ஒப்பந்த மீறலும் நஷ்டமும் விழும். அதனால் எஃப்ஐஏ ஏற்பாட்டாளரைப் பார்க்கும், ஏற்பாட்டாளர் வணிக நிறுவனத்தைப் பார்ப்பார், அணிகள் எஃப்ஐஏவைப் பார்க்கும், ஓட்டுநர்கள் அணி முதலாளியைப் பார்ப்பார்கள். பந்தயம் நடத்துவது சரியா தவறா என்பதை யாரும் மேஜைமேல் வைத்துப் பேசுவதில்லை. 'வேண்டாம்' என்ற சொல்லை யார் வாயிலிருந்து வரவைப்பது என்பதுதான் மொத்தப் பேரமும். இதை 2011, 2012-ல் பஹ்ரைனில் நடந்ததைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டவில்லை. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பஹ்ரைன் மிகச் சிறிய தீவு நாடு. ஆள்வது சுன்னி முஸ்லிம்களான அல் கலீஃபா குடும்பம், குடிமக்களில் பெரும்பாலோர் ஷியா பிரிவினர். அமெரிக்கக் கடற்படையின் ஐந்தாவது பிரிவுக்கு அங்கேதான் தளம். தலைநகர் மனாமாவுக்குத் தெற்கே சக்கீர் பாலைவனத்தில் பந்தயத் தடம் கட்டி, 2004-ல் மத்திய கிழக்கின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தை நடத்தினார்கள். மைக்கேல் ஷூமாக்கர் ஜெயித்தார். இதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் பட்டத்து இளவரசர் சல்மான். நாட்டுக்கு இது கௌரவச் சின்னம். தேசிய விமான நிறுவனமான கல்ஃப் ஏர்தான் நீண்ட காலம் பந்தயத்தின் பெயர் விளம்பரதாரர்.

2011 பிப்ரவரி 14 அன்று, துனிசியாவிலும் எகிப்திலும் நடந்த மக்கள் எழுச்சியைப் பார்த்து, பஹ்ரைன் இளைஞர்கள் மனாமாவின் முத்து ரவுண்டானாவில் கூடினார்கள். பிப்ரவரி 17 விடிவதற்கு முன், கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் போலீஸ் பாய்ந்தது, நான்கு பேர் இறந்தார்கள். அதே வாரம் சக்கீர் தடத்தில் ஜிபி2 ஆசியா என்ற இளையோர் பந்தயம் நடக்கவிருந்தது. தடத்துக்கு வர வேண்டிய மருத்துவக் குழு மனாமா மருத்துவமனைகளில் தேவைப்பட்டது, அதனால் பந்தயத்தை ரத்து செய்தார்கள். மார்ச் 13-ல் அந்த ஆண்டின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயமே இங்கேதான் நடப்பதாக இருந்தது. பிப்ரவரி 21 அன்று இளவரசரே முன்வந்து, நாட்டின் கவனம் இப்போது வேறு விஷயத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி விலகிக்கொண்டார். ஏற்பாட்டாளர் வாயிலிருந்தே 'வேண்டாம்' வந்துவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி.

அப்புறம் நடந்ததுதான் அசிங்கம். மார்ச் 14-ல் சவூதிப் படைகளும் அமீரகப் போலீசும் அரசுக்குத் துணையாக, சவூதியிலிருந்து வரும் கடல் பாலம் வழியாக உள்ளே வந்தார்கள். மறுநாள் நெருக்கடி நிலை அறிவிப்பு. மார்ச் 18-ல் ரவுண்டானாவின் நடுவிலிருந்த நினைவுச்சின்னத்தையே இடித்துத் தள்ளினார்கள். ஆறு பாய்மரங்கள் சேர்ந்து ஒரு முத்தைத் தாங்கி நிற்பது போன்ற அமைப்பு அது. இடிக்கும்போது தூண் விழுந்து, கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் செத்துப்போனார். அந்தச் சின்னம் பொறித்த 500 ஃபில்ஸ் நாணயமும் புழக்கத்திலிருந்து மறைந்தது. காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை பார்த்த மருத்துவர்களையும் நர்சுகளையும் பிடித்து உள்ளே போட்டார்கள். பந்தயத் தடத்தின் ஊழியர்களிலேயே இருபதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள், அடிபட்டார்கள் என்று செய்திகள் வந்தன. கார் பந்தயத்துக்கு டிக்கெட் விற்றவர்கள், அலுவலக வேலை பார்த்தவர்கள் போன்ற ஆட்கள்.

நெருக்கடி நிலை ஜூன் 1-ல் விலக்கப்பட்டது. ஜூன் 3-ல், அதாவது இரண்டே நாளில், பார்சிலோனாவில் கூடிய எஃப்ஐஏ கவுன்சில் பஹ்ரைன் பந்தயத்தை அக்டோபர் 30-க்கு மறுபடி சேர்த்தது. அதற்கு முன் எஃப்ஐஏ துணைத் தலைவர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற தொனியில் அறிக்கை கொடுத்திருந்தார். அரசுத் தரப்பு காட்டியவர்களைப் பார்த்துவிட்டு வந்தால் எந்த ஊரும் சரியாகத்தான் இருக்கும்.

இங்கே நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அக்டோபர் 30 என்பது இந்தியாவின் முதல் கிராண்ட் பிரி பந்தயத்துக்குக் குறித்திருந்த தேதி. பஹ்ரைனுக்கு இடம் கொடுக்க இந்தியப் பந்தயத்தை டிசம்பருக்குத் தள்ளினார்கள். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் சொந்த நாட்டில் ஓட்டக் காத்திருந்த பந்தயம் அது.

அணிகள் அதற்கு ஒப்பவில்லை. ஆனால் அவை சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். சரக்கு அனுப்புவது கஷ்டம், சீசன் டிசம்பர் வரை நீளும், ஊழியர்கள் களைத்துப்போவார்கள். கைது, சித்திரவதை என்ற சொற்கள் அணிகளின் கடிதத்தில் இல்லை. வெளிப்படையாகப் பேசியது ஓட்டுநர் மார்க் வெப்பர்தான். ஒரு நாட்டில் மக்கள் அடிபடும்போது விஷயம் விளையாட்டைவிடப் பெரியது என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். எஃப்ஐஏவின் முன்னாள் தலைவர் மேக்ஸ் மோஸ்லி இன்னொரு பூட்டைக் காட்டினார்: சீசன் தொடங்கிய பிறகு அட்டவணையை மாற்ற வேண்டுமானால் எல்லா அணிகளின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் தேவை. ஒரு வாரத்துக்குள் பஹ்ரைன் மறுபடி தானாகவே விலகியது. இந்தியப் பந்தயம் பழைய தேதிக்கே திரும்பியது. கிரேட்டர் நொய்டாவில் வெட்டல் ஜெயித்தார், நரேனும் ஓட்டினார். மனித உரிமை செய்யாததை அட்டவணை விதி செய்து கொடுத்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

2012-ல் அந்த விதியின் உதவி கிடைக்கவில்லை. ஆரம்பத்திலேயே அட்டவணையில் ஏப்ரல் 22 என்று எழுதியாகிவிட்டது. நடுவில், 2011 நவம்பரில், மன்னரே நியமித்த விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. ஷெரிஃப் பஸ்ஸியூனி என்ற சட்ட அறிஞர் தலைமையிலான குழு. 35 பேர் இறந்ததையும், காவலில் இருந்தவர்கள் திட்டமிட்ட முறையில் சித்திரவதை செய்யப்பட்டதையும் அது பதிவு செய்தது. ஓர் அரசு தன்னைப் பற்றியே இப்படி ஓர் அறிக்கையை வாங்கி வெளியிட்டது அரிதான விஷயம், அதை மறுக்க மாட்டேன். 'பாருங்கள், தவறைத் திருத்திக்கொண்டிருக்கிறோம்' என்று பந்தயத்துக்கான வாதமாகவும் அதுவே ஆனது. 'ஒரே தேசம், கொண்டாட்டத்தில்' என்ற பொருள் வரும் முழக்கத்தோடு ஊரெங்கும் விளம்பரப் பலகைகள் நின்றன. அதே நேரத்தில் மனித உரிமை ஆர்வலர் அப்துல்ஹாதி அல் கவாஜா சிறையில் இரண்டு மாதத்துக்கு மேலாக உண்ணாவிரதம் இருந்துகொண்டிருந்தார்.

அந்த வாரத்தில் நடந்த ஒன்றை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். புதன்கிழமை மாலை ஃபோர்ஸ் இந்தியா அணியின் மெக்கானிக்குகள் நான்கு பேர் தடத்திலிருந்து மனாமாவுக்கு வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் போராட்டக்காரர்களுக்கும் போலீசுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். பெட்ரோல் குண்டு ஒன்று காருக்குப் பக்கத்தில் விழுந்தது, கண்ணீர்ப்புகை உள்ளே வந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அணியில் இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை இரண்டாவது பயிற்சிச் சுற்றை அந்த அணி விட்டுக்கொடுத்தது. இருட்டுவதற்குள் ஆட்களை ஹோட்டலுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் காரணம்.

சனிக்கிழமை தகுதிச் சுற்றில் அந்த அணியின் பால் டி ரெஸ்டா முதல் பத்துக்குள் வந்தார். ஆனால் உலகம் முழுக்கப் போன அதிகாரபூர்வ ஒளிபரப்பில் அவருடைய கார் கண்ணில் படவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் காட்டினார்கள். தற்செயல் என்றார்கள். அந்த ஒளிபரப்பைத் தயாரிப்பது எக்ளெஸ்டோனின் நிர்வாகமே என்பது தெரிந்த யாரும் அதை நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை டி ரெஸ்டா ஆறாவதாக வந்தார். வெட்டல் ஜெயித்தார்.

அதே சனிக்கிழமை காலை ஷகூரா என்ற கிராமத்தில், முந்தைய இரவு போராட்டத்துக்குப் போன ஒருவரின் உடல் ஒரு கட்டடத்தின் கூரைமேல் கிடைத்தது. விளையாட்டுச் செய்தியாளர்களுக்கு விசா கிடைத்தது, அரசியல் செய்தி எடுப்பவர்கள் பலருக்குக் கிடைக்கவில்லை. பிரிட்டனின் சேனல் 4 குழு சுற்றுலா விசாவில் நுழைந்து படம் எடுத்தது. பந்தயத்தன்று அவர்களைப் பிடித்து நாடு கடத்தினார்கள்.

இனி இரண்டாவது கேள்விக்கு வரலாம். விளையாட்டில் அரசியலைக் கலக்கலாமா? கலந்தது ரசிகர்களோ போராட்டக்காரர்களோ இல்லை. பந்தயத்தைக் கொண்டுவந்தது அரச குடும்பம், கட்டணம் கட்டுவது அரசு. பஹ்ரைனின் அரசு முதலீட்டு நிறுவனமான மும்தலகாத் 2007-லேயே மெக்லாரன் குழுமத்தில் 30 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. 2011-ல் அணிகள் கூட்டமைப்பின் தலைவர் மார்ட்டின் விட்மார்ஷ். அவர்தான் மெக்லாரன் அணியின் தலைவரும். அவர் தப்பு செய்தார் என்று சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். இளவரசரே 2012-ல் என்ன சொன்னார்? பந்தயத்தை நிறுத்தினால் தீவிரவாதிகளுக்குத்தான் பலம் என்றார். பந்தயம் நடந்தால் ஒரு தரப்புக்கு வெற்றி, நின்றால் இன்னொரு தரப்புக்கு வெற்றி என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு, இதில் அரசியல் இல்லை என்று நாம் சொல்லி என்ன பயன்?

இது பஹ்ரைனோடு தொடங்கியதும் இல்லை. 1958 பிப்ரவரியில் கியூபாவின் சர்வாதிகாரி பாடிஸ்டா, நாடு அமைதியாக இருக்கிறது என்று காட்டுவதற்காகவே ஹவானாவின் கடற்கரைச் சாலையில் பந்தயம் நடத்தினார். பந்தயத்துக்கு முந்தைய மாலை, ஐந்து முறை உலகச் சாம்பியனான அர்ஜென்டினா ஓட்டுநர் ஃபாஞ்சியோவை லிங்கன் ஹோட்டலின் வரவேற்பறையில் துப்பாக்கி காட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் ஃபிடல் காஸ்ட்ரோவின் ஆட்கள். பந்தயத்தை நிறுத்தவில்லை. சில சுற்றுகளிலேயே ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். ஃபாஞ்சியோவை நன்றாகக் கவனித்து, அர்ஜென்டினா தூதரக அதிகாரிகளிடம் பத்திரமாக ஒப்படைத்தார்கள். தன்னை மரியாதையாக நடத்தினார்கள் என்று அவரே சொன்னார். பாடிஸ்டா காசு செலவழித்துக் கூட்டிவந்த உலகப் பத்திரிகைகள் எல்லாம் காஸ்ட்ரோவின் செய்தியைத்தான் எழுதின. அடுத்த ஜனவரி முதல் தேதி பாடிஸ்டா நாட்டில் இல்லை. அதற்குப் பந்தயம் காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் விளம்பரம் திருப்பி அடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1985 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் கயாலமி. நிறவெறி ஆட்சி, பல மாவட்டங்களில் நெருக்கடி நிலை. பந்தயத்துக்கு முந்தைய நாள்தான் பெஞ்சமின் மொலாய்ஸ் என்ற கறுப்பினக் கவிஞரைத் தூக்கில் போட்டார்கள். பிரெஞ்சு அரசு சொன்னதைக் கேட்டு ரெனோ, லிஜியே அணிகள் போகவில்லை. சில விளம்பரதாரர்கள் காரிலிருந்து தங்கள் பெயரை எடுக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் போய் ஓட்டினார்கள், மான்செல் ஜெயித்தார். ஆனால் அதற்குப் பிறகு 1992 வரை ஃபார்முலா ஒன் அங்கே போகவில்லை. அந்த இரண்டு அணிகளுக்குப் பின்னால் ஓர் அரசாங்கம் நின்றது என்பதை மறக்கக் கூடாது. வெளியிலிருந்து ஒரு கை தள்ளினால்தான் அணிகள் நகரும்.

2022 இதை மறுபடி காட்டியது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த மறுநாளே சோச்சி பந்தயம் நடக்காது என்று அறிவிப்பு வந்தது, ஒரு வாரத்தில் ஒப்பந்தமே ரத்தானது. ஏனென்றால் அந்தத் தடவை ஐரோப்பிய அரசுகள் எல்லாம் ஒரே பக்கம் நின்றன, வேண்டாம் என்று சொல்வதற்கு யாரும் விலை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதமே சவூதியின் ஜெத்தாவில், பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது சில மைல் தூரத்தில் சவூதி அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோவின் கிடங்கை ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் தாக்கினார்கள். கரும்புகை தடத்திலிருந்தே தெரிந்தது. ஓட்டுநர்கள் நள்ளிரவு தாண்டியும் கூடிப் பேசினார்கள். அராம்கோதான் ஃபார்முலா ஒன்னின் பெரிய விளம்பரதாரர்களில் ஒன்று. பந்தயம் நடந்தது.

இப்போது முதல் கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். 2011-ல் நிறுத்தியது சரி, 2012-ல் நடத்தியது தவறு. ஆனால் காரணம் மெக்கானிக்குகளின் பாதுகாப்பு இல்லை. ஒவ்வொரு முறையும் எஃப்ஐஏ கேட்பது 'நம் ஆட்கள் பத்திரமாகப் போய்வர முடியுமா' என்ற ஒரே கேள்விதான். அதற்குச் சோதனைச் சாவடியும் கவச வண்டியும் போட்டு எந்த அரசும் 'முடியும்' என்று பதில் சொல்லிவிடும். கேட்க வேண்டியது, நாம் வருவதால் அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன ஆகிறது என்பதை. பந்தய வாரத்துக்காக முன்கூட்டியே வீடு புகுந்து ஆட்களைப் பிடிக்கிறார்களா? தடத்துக்குப் போகும் சாலையோரக் கிராமங்களை அடைத்து வைக்கிறார்களா? பந்தயத்தை எதிர்த்துப் பேசியதற்காக யாராவது உள்ளே இருக்கிறார்களா? இதில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும், அந்தத் துன்பத்தில் பந்தயத்துக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. நாட்டில் ஏற்கெனவே இருந்த பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது.

'பந்தயம் போனால்தானே உலகத்தின் பார்வை அங்கே போகும்' என்ற எதிர்வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2012-ல் டயர் தேய்மானம் பற்றி எழுத வந்த செய்தியாளர்கள் சிலர் இரவில் கிராமங்களுக்குப் போய்க் கண்ணீர்ப்புகைக்கு நடுவிலிருந்து எழுதினார்கள். அந்த மூன்று நாளில் பஹ்ரைன் பற்றி வந்த அளவுக்கு மற்ற மாதங்களில் செய்தி வரவில்லை என்பது உண்மை. ஆனால் காமிரா திங்கட்கிழமை அடுத்த ஊருக்குப் போய்விடும். பேசியவர் அங்கேயே இருப்பார்.

நஜா யூசுஃப் விஷயத்தைப் பாருங்கள். பஹ்ரைனில் அரசு வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண், பிள்ளைகளுக்குத் தாய். 2017 ஏப்ரலில், பந்தயத்தை எதிர்த்து ஃபேஸ்புக்கில் பதிவுகள் வந்த சமயத்தில் அவரைக் கைது செய்தார்கள். 2018-ல் மூன்று ஆண்டு சிறை என்று தீர்ப்பு. தீர்ப்பிலேயே அந்தப் பந்தயப் பதிவுகள் குறிப்பிடப்பட்டிருந்தன என்று உரிமை அமைப்புகள் காட்டின. தண்டனைக்குக் காரணம் அது இல்லை, பயங்கரவாதம் தொடர்பான குற்றங்கள் என்றது பஹ்ரைன் அரசு. அவரைச் சிறைவைத்தது தன்னிச்சையான நடவடிக்கை என்று ஐநா பணிக்குழு ஒன்று முடிவு சொன்னது. 2019 ஆகஸ்டில் ராஜ மன்னிப்பில் வெளியே வந்தார்.

இது எல்லாம் நடந்தது ஃபார்முலா ஒன் எழுத்தில் வாக்குக் கொடுத்த பிறகு. பிரிட்டனிலுள்ள ஓர் அமைப்புமூலம் உரிமை ஆர்வலர்கள் புகார் கொடுத்து, அதன் விளைவாக 2015-ல், உலகெங்கும் தன் தொழிலில் மனித உரிமைகளை மதிப்பதாக அந்த நிறுவனம் அறிக்கை வெளியிட்டிருந்தது. நஜா வழக்கில் கவலை தெரிவித்தார்கள், அரசிடம் விசாரித்தார்கள். அடுத்த பந்தயமும் நடந்தது. வாக்கு இருந்தது, அதை மீறினால் என்ன என்பது எங்கும் எழுதப்படவில்லை.

அதனால்தான் 'எல்லா மோசமான நாட்டையும் புறக்கணி' என்ற கோஷத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்த அளவுகோலை வைத்தால் அட்டவணையில் பாதி போய்விடும், யாரும் ஏற்க மாட்டார்கள், பழையபடி யார் முதலில் சொல்வது என்ற ஆட்டம்தான் தொடரும். சின்னதாக, குறிப்பாகக் கேட்கலாம். பந்தயம் தொடர்பாக ஒருவர் கைதானால் வெளியார் ஒருவர் போய் விசாரிக்க அனுமதி வேண்டும். செய்தியாளர் விசாவில் விளையாட்டு, அரசியல் என்று பிரிக்கக் கூடாது. இவை மீறப்பட்டால் எந்தத் தரப்பும் நஷ்டஈடு இல்லாமல் விலகலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கடைசி நிபந்தனை ஒன்று போதும், 2011-ல் அணிகள் சரக்குக் கப்பலையும் காலண்டரையும் சாக்காகத் தேட வேண்டியிருந்திருக்காது.

ஓட்டுநர்களால் ஏதாவது ஆகுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. கொஞ்சம் ஆகும். 2020-ல் லூயிஸ் ஹாமில்டனுக்குப் பஹ்ரைனில் சித்திரவதை அனுபவித்தவர்கள் கடிதம் எழுதினார்கள், அவர் அதைப் படித்ததாகப் பொதுவிலேயே சொன்னார், பிறகும் விடாமல் பேசினார். மரண தண்டனைக் கைதி ஒருவரின் சிறுவயது மகன் ஹாமில்டனின் காரை வரைந்து அனுப்பினான். அந்தப் படம் வெளியான பிறகுதான் அந்தக் கைதியின் பெயர் பலருக்குத் தெரிந்தது. ஆனால் ஓர் ஓட்டுநர் அடுத்த அணிக்கோ ஓய்வுக்கோ போய்விடுவார். பஹ்ரைனின் ஒப்பந்தம் 2036 வரை இருக்கிறது.